புளியங்கொட்டைக் கணக்கு

என் மனைவியின் மீது எனக்குப் பொறாமை இருந்தது. பூசணிப் பூவில் வந்து உட்காரும் தேனீக்களை அவள் என்னைவிட நன்றாக எண்ணினாள். காரணம் இவ்வளவுதான். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அந்த நாளில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறுதான் எரிந்தது.

அப்போது நான் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், ஒரு தமிழ்ப் பாடசாலையில் உதவி ஆசிரியர். இரண்டாம் உலக யுத்தம் தொடங்க இன்னும் சில வருடங்கள் இருந்தன. எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடிந்ததும் மனைவி வீட்டுக்கு வந்துவிட்டேன். வீடு அவளுடையது, வளவு அவளுடையது, வளவில் விழுகிற தேங்காய் முதல் கறிவேப்பிலை வரை அவளுடையது. எனக்கென்று அந்த வீட்டில் இருந்தவை ஒரு தகரப் பெட்டி, ஒரு சட்டைப்பை மணிக்கூடு, அப்புறம் என் படிப்பு. அவள் இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஆகவே என் படிப்பை நான் அந்த வீட்டில் கொஞ்சம் உயரமான இடத்திலேயே தூக்கி வைத்திருந்தேன்.

அந்த வருடம் பட்டணத்து அரசாங்க விவசாயக் கந்தோரிலிருந்து ஓர் உத்தியோகத்தர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சைக்கிளைத் தோணியில் ஏற்றி, இந்தக் கரையில் இறக்கி, மணலில் பாதித் தூரம் அதைத் தூக்கிக்கொண்டே வந்த மனிதர். பூசணியும் பாகலும் பூத்துக் கொட்டுகின்றன, காய் பிடிப்பதில்லை என்று பல ஊர்களிலிருந்து முறைப்பாடு வந்திருக்கிறதாம். பூவிலிருந்து பூவுக்கு மகரந்தம் கொண்டுபோகிற பூச்சிகள் குறைந்துவிட்டனவா என்று பார்க்க வேண்டும், ஊர் ஊராகப் போய்ப் பார்க்கக் கந்தோரில் ஆள் இல்லை, ஆசிரியர்களும் வீட்டுக்காரர்களும் அவரவர் தோட்டத்தில் எண்ணித் தந்தால் பெரிய உதவி என்றார். அச்சடித்த அட்டைகளைத் தந்தார். காலையில் அரை மணித்தியாலம் ஓரிடத்தில் நின்று பத்துப் பூக்களைக் கவனிக்க வேண்டும். தேனீக்கு ஒரு கட்டம், வண்டுக்கு ஒரு கட்டம், மற்றவற்றுக்கு ஒரு கட்டம். சம்பளம் கிடையாது, நன்றிக் கடிதம் வரும் என்றார்.

எனக்கு அது போதும். கந்தோர் முத்திரையோடு வருகிற நன்றி எனக்குச் சோற்றைவிடப் பிடிக்கும்.

அட்டைகளோடு ஊருக்குள் போனேன். ஒருவரும் வளவுக்குள் விடவில்லை. எங்கள் ஊரில் பிஞ்சைச் சுட்டுவிரல் நீட்டிக் காட்டமாட்டார்கள்; காட்டித்தான் ஆகவேண்டுமென்றால் விரலை மடித்துக்கொண்டு காட்டுவார்கள். கொடியில் இத்தனை காய் என்று வாய்விட்டு எண்ணினால் நாவூறு பட்டு அழுகி விழும். உயிருள்ளதை எண்ணினால் அது குறையும் என்பது அவர்களுக்கு நிச்சயம். மாட்டுக்காரர்கூட மாட்டை எண்ணமாட்டார், பட்டிக்குள் வந்த மாடுகளை ஒரு தடவை பார்த்தே எது வரவில்லை என்று சொல்லிவிடுவார். நான் பள்ளிக்கூடத் தோட்டத்தில் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணிக்கொண்டு நின்றபோது, தண்ணீர்க் குடத்தோடு போன ஒருத்தி வேலியடியில் நின்றாள்.

"வாத்தியார், அந்தப் பூச்சி புழுவையாவது எண்ணாம விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மாலை வீட்டிலும் அதே கதைதான். "இஞ்சேருங்க, நம்மட வளவுக்க நிண்டு எண்ணாதீங்க" என்றாள் மனைவி. நான் அவளுக்கு அரை மணித்தியாலம் விஞ்ஞானம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஒரு தேங்காய்ச் சிரட்டையோடு வந்து முன்னால் நின்றாள். சிரட்டைக்குள் ஒன்றுமில்லை. மடியில் ஒரு பிடி புளியங்கொட்டை இருந்தது.

"எண்ணத்தானே கூடாது? நான் எண்ணல்ல. ஒரு பூச்சி வந்து குந்தினா ஒரு கொட்டை போடுறன். பொழுதுபட்டு அதுகள் கூட்டுக்குப் போனதுக்கு மறுகா கொட்டைய எண்ணுவம். கொட்டைக்கு உசிரு இல்லத்தானே."

நான் சிரித்தேன். சிரித்ததை இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

மறுநாள் விடியற்காலை இரண்டு பேரும் ஒரே பூசணிக் கொடியடியில் நின்றோம். என் கையில் மணிக்கூடும் கொப்பியும் பென்சிலும். அவள் கையில் சிரட்டை. அரை மணித்தியாலம் முடிந்ததும் என் கொப்பியில் பதினொரு தேனீ இருந்தது. அவள் சிரட்டையை அடுப்படித் தட்டில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். பொழுது சாய்ந்த பிறகு கொட்டைகளைப் பாயில் கொட்டி, களத்தில் நெல் அளக்கிறவர்கள் தொடங்குவதுபோல ஒன்றுக்குப் பதில் "இலாபம்" என்று தொடங்கி எண்ணினாள். இருபத்துமூன்று.

"ஒரே தேனீயை ரெண்டு மூண்டு தரம் போட்டிருப்பாய்" என்றேன்.

"இல்ல. பூவுக்குப் பூ தாவுறதுக்கு நான் கொட்டை போடல்ல. புதிசா வாறதுக்கு முதுகு துப்பரவா இரிக்கும். இஞ்சயே சுத்துறதுக்கு உடம்பெல்லாம் மஞ்சள் அப்பியிரிக்கும். துப்பரவா வாறதுக்குத்தான் போட்டன்."

அடுத்த நாள் நான் அவள் சொன்னதைத்தான் பார்த்தேன். உண்மைதான். இன்னொன்றும் தெரிந்தது. ஒவ்வொரு தடவை நான் கொப்பியில் கோடு போடக் குனிகிறபோதும் இரண்டு தேனீ வந்து போய்விடுகிறது. அவள் பூவை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. விரல்கள் தம்பாட்டில் கொட்டையைப் போட்டுக்கொண்டிருந்தன. தேனீக்குப் புளியங்கொட்டை, வண்டுக்குக் குன்றிமணி, மற்றவற்றுக்கு நெல் என்று பிரித்தும் வைத்துக்கொண்டாள். அட்டையில் இருந்த மூன்று கட்டங்களும் அந்தச் சிரட்டைக்குள் அடங்கிவிட்டன. அட்டையை அவள் பார்க்கக்கூட இல்லை, நான் சொன்னதைக் கேட்டுச் செய்தாள்.

உத்தியோகத்தர் அடுத்த தடவை வந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்து தேத்தண்ணி கொடுத்தேன். அடுப்படித் தட்டில் சிரட்டையைக் கண்டுவிட்டார். என்ன என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுக்குமுன் கதவுக்கு அப்பால் நின்று அவள் சொல்லத் தொடங்கிவிட்டாள். சின்னக் கொசுத்தேனீ வெயில் பூவில் விழுமுன் வராது, விழுவதற்காகக் காத்திருந்து வரும். கருவண்டு ஒன்று வந்தால் பூவே ஆடும், அது வந்துபோன பூவுக்கு மற்றவை கொஞ்ச நேரம் வராது. வேலியோரம் முருங்கை பூத்த கிழமையில் பூசணிக்கு வருகிறவை குறைவு. மனிதர் தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டுக் கொப்பியில் எழுதினார்.

"தங்கச்சி, இதையெல்லாம் ஆர் சொல்லித்தந்தது?" என்று கேட்டார்.

"ஆரும் இல்ல ஐயா. பாத்தா விளங்குதுதானே" என்றாள்.

எனக்கு விளங்கவில்லையே என்று அந்த இடத்தில் பட்டது. பட்டதுதான், அதற்குப் பிறகு அது என்னை விட்டுப் போகவில்லை.

அடுத்த மாதம் எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. வாய்விட்டு எண்ணத் தயங்குகிற ஊர்களில் சிரட்டையும் விதையும் வைத்துச் செய்யலாம், இது படுவான்கரையில் ஒரு வீட்டுப் பெண்மணி கண்ட முறை என்று அதில் இருந்தது. என்னை விரட்டிய வளவுகளெல்லாம் கதவு திறந்தன. எனக்கு அல்ல, அவளுக்கு. மாலையானால் பெண்கள் ஆளுக்கொரு சிரட்டையோடு எங்கள் முற்றத்துக்கு வந்தார்கள். பாயில் கொட்டினார்கள், இலாபம், ரெண்டு, மூண்டு என்று எண்ணினார்கள், சிரித்தார்கள், ஊர்க் கதை பேசினார்கள். நான் விளக்கடியில் உட்கார்ந்து அவர்கள் சொல்லச் சொல்ல அட்டையை நிரப்பினேன். பயிற்றப்பட்ட ஆசிரியர், என் மனைவிக்கு எழுத்துவேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் காலையில் என்னைக் கண்டதும் கேட்பார். "வாத்தியார், இந்தக் கிழமை வீட்டில என்ன சொல்றாங்க? பூச்சி கூடவா, குறைவா?"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வெற்றிலையோடு பாக்கு மாதிரி அந்தச் சிரிப்பைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டே வகுப்புக்குப் போவேன்.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. கந்தோர் முத்திரை, நான் ஆசைப்பட்ட அதே நன்றி. என் பெயருக்குத்தான் வந்திருந்தது, உள்ளே முழுக்க அவளைப் பற்றியது. அவளை உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். "தங்கள் மனைவியாரின் கூர்மையான பார்வை எங்களுக்குப் பெரிய பாடம்" என்று ஒரு வசனம் இருந்தது. அந்த வசனத்தை விட்டுவிட்டு அடுத்ததுக்குத் தாவினேன். ஆனால் கடைசிப் பகுதியை விட முடியவில்லை, அதைத் தலைமை ஆசிரியரும் அறிந்திருந்தார். பட்டணத்தில் நடக்கப்போகும் விவசாயக் கண்காட்சியில் கந்தோர்க் கொட்டகையில் அவள் வந்து இருந்து, சிரட்டை வைத்து எண்ணுகிற முறையைச் சனங்களுக்குக் காட்டவேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

"நான் போகலாமா?" என்று கேட்டாள்.

பட்டணத்துக்கு அவள் அதுவரை இரண்டு தடவைதான் போயிருந்தாள். இரண்டும் ஆஸ்பத்திரிக்கு. போகலாம் என்றேன். அன்றைக்கே பெட்டியிலிருந்து ஒரு பச்சைச் சேலையை எடுத்து வெயிலில் போட்டாள். அடுத்த நாளும் போட்டாள். அந்தச் சேலைக்கு இரண்டாம் நாள் வெயில் தேவையில்லை. கொடியில் கிடப்பதைப் பார்க்கும் ஆசைக்காகத்தான் போட்டாள் என்று எனக்குத் தெரியும்.

கண்காட்சிக்கு முன்னால் பத்து நாள் கணக்கைத் தொடர்ந்து எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். முதல் மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள் மத்தியானம் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தேன். அவள் கிணற்றடியில் இருந்தாள். சிரட்டை அடுப்படித் தட்டில் இருந்தது. காலையில் போட்ட கொட்டை, பொழுதுபடும்வரை எவரும் தொடாத கொட்டை.

ஐந்து எடுத்தேன். ஒரு நாளாவது அவள் தொகை குறையவேண்டும் என்று நினைத்தேன். கொட்டைகளைச் சட்டைப்பையில் போட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் வேலிக்குள் எறிந்தேன். மனம் லேசாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். அடுத்த நாள் எட்டு எடுத்தேன். அதற்கடுத்த நாள் எத்தனை என்று பார்க்கவில்லை, அள்ளினேன்.

நான் எடுத்த முதல் நாள் அவள் வழக்கம்போல எண்ணித் தொகையைச் சொன்னாள். இரண்டாம் நாள் எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் எண்ணினாள். மூன்றாம் நாள் மற்றப் பெண்கள் சிரித்துக்கொண்டிருக்க அவள் மட்டும் பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எலி இழுத்திருக்குமோ என்று நாலாம் நாள் சிரட்டைக்கு மேல் இன்னொரு சிரட்டையைக் கவிழ்த்து மூடிவைத்தாள். அன்றைக்கும் நான் எடுத்தேன். எடுத்துவிட்டு, அவள் மூடியிருந்தபடியே மூடிவைத்தேன்.

அன்று மாலை மற்றவர்கள் போன பிறகு என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"இஞ்சேருங்க, பூச்சி குறையுது."

"பருவம் மாறுதாக்கும்" என்றேன்.

"மத்த வளவுல குறையல்லியே. நம்மட வளவுலதான் குறையுது. காலத்தால போடக்குள்ள நிறையப் போட்ட மாதிரித்தான் இரிக்கி. பொழுதுபட்டுப் பாத்தா இல்ல. கொட்டை பொய் சொல்லாதுதானே." விளக்குத் திரியைக் கொஞ்சம் இறக்கினாள். "வாயால எண்ணாட்டியும் கண்ணால எண்ணினதுதானே. என்ட கண்ணுதான். என்ட கண்பட்டுத்தான் அதுகள் இல்லாமப் போகுது."

நான் அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நாலு சொல் போதும். அந்த நாலு சொல்லைச் சொன்னால் நான் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். விஞ்ஞானம் படித்த நான், கண்ணூறு என்பது மூடத்தனம் என்று ஊர் முழுக்கப் பேசித் திரிந்த நான், "அப்பிடியும் இருக்கலாம்" என்றேன்.

மறுநாள் அவள் கொடியடிக்குப் போகவில்லை. சிரட்டையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பச்சைச் சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். கண்காட்சிக்கு நீங்கள் போங்கள் என்றாள்.

போனேன். கொட்டகையில் மேசை போட்டு, பூச்சாடியில் பூசணிப் பூ வைத்திருந்தார்கள். அவளுடைய சிரட்டையையும் அவளுடைய கொட்டையையும் வைத்துக்கொண்டு, முதுகு துப்பரவான தேனீ, மஞ்சள் அப்பிய தேனீ என்று அவளுடைய வார்த்தைகளையே நான் சொன்னேன். கோட்டுப் போட்டவர்கள் தலையாட்டிக் கேட்டார்கள். உத்தியோகத்தர் மட்டும் வந்து, "தங்கச்சி வரேல்லையா?" என்று கேட்டார். சுகமில்லை என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்த்து எனக்கு அங்கேயும் எரிச்சல்தான் வந்தது. பின்னேரம் என் பெயர் எழுதிய பாராட்டுப் பத்திரம் ஒன்றைத் தந்தார்கள்.

அதைச் சோற்றுப் பசை தடவி அவளே சுவரில் ஒட்டினாள். ஒட்டிக்கொண்டே கேட்டாள்.

"என்னப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டார். சுகமில்ல எண்டு சொன்னன்."

"அதுவும் நல்லதுதான். கண்ணூறுக்காரி எண்டு சொல்லாம விட்டீங்களே."

அதற்குப் பிறகு அவள் பூத்த கொடியைப் பார்க்கவில்லை. கிணற்றடிக்குப் போகும் வழியில்தான் பூசணிப் பந்தல். பூக்காத நாளில் சாதாரணமாகப் போவாள். பூத்துவிட்டால் முந்தானையை இழுத்து அந்தப் பக்கக் கண்ணை மறைத்துக்கொண்டு போவாள். அந்தப் போகம் பூசணி நன்றாகவே காய்த்தது. அதை எடுத்துச் சொன்னேன். "நான் பாக்காம விட்டதாலதான்" என்றாள்.

மூன்று வருடம் இப்படிப் போனது. யுத்தம் தொடங்கி அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, வீட்டுக்கு வீடு மரக்கறி போடச் சொன்ன காலம். ஒரு நாள் காலை முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு போனவள் கிணற்றடிக் கல்லில் கால் இடறி விழுந்தாள். கணுக்கால் வீங்கிவிட்டது. நான் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே பூசணிப் பூவில் தேனீக்கள் இரைந்துகொண்டிருந்தன. அவள் வலியிலும் நிமிர்ந்து பார்க்கவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன்.

"கொட்டைய எடுத்தது நான்தான். மத்தியானம் மத்தியானம் வந்து சிரட்டையிலிருந்து அள்ளினன். உன்ட கண்ணுல ஒண்டும் இல்ல. எனக்குப் பொறாமை."

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆத்திரம் வரப்போகிறது என்று நினைத்தேன், அது வந்தால் நல்லது என்று காத்திருந்தேன்.

"என்னத் தேத்துறதுக்காக இப்பிடி ஒரு பழியத் தூக்கி உங்கட தலையில போடுறீங்களே" என்றாள்.

இல்லை, உண்மை என்றேன். ஐந்து, எட்டு என்று எண்ணிக்கை சொன்னேன். வேலிக்குள் எறிந்த இடத்தைச் சொன்னேன். மூடிவைத்த சிரட்டையைச் சொன்னேன். கண்ணகை அம்மன் மீது சத்தியம் என்று தொடங்கியபோது அவள் எண்ணெய்க் கையோடு என் வாயைப் பொத்தினாள்.

"எனக்காக அம்மன்ட பேரில பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க. போதும்."

அடுத்த நாளே அது ஊருக்குத் தெரிந்துவிட்டது. கால் பார்க்க வந்த பெண்களிடம் அவள் சொல்லியிருக்கிறாள். இப்படி ஒரு மனிசனைப் பார்த்தீர்களா என்று. குடத்தோடு போகிறவர்கள் என்னைக் கண்டால் ஒதுங்கி மரியாதையாகப் போனார்கள். பரிகாசம் பண்ணிக்கொண்டிருந்த தலைமை ஆசிரியர் என் தோளில் கைவைத்து, "பொஞ்சாதிக்காகக் களவையே ஏத்துக்கொண்ட ஆள் நீங்க" என்றார். நான் வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்ட பாராட்டு இதுதான். கந்தோர் முத்திரை மட்டும் இல்லை.

கால் சுகமான பிறகு ஒரு நாள் அவள் பழைய சிரட்டையை எடுத்துக் கழுவி, ஒரு பிடி புளியங்கொட்டை போட்டு என் கையில் தந்தாள்.

"கந்தோருக்குத் திரும்பவும் கணக்கு வேணுமாமே. நீங்க போய் நில்லுங்க. உங்கட கண்ணு நல்ல கண்ணு."

அன்றைக்கு அரை மணித்தியாலம் கொடியடியில் நின்றேன். முதுகு துப்பரவான தேனீ ஒவ்வொன்றுக்கும் ஒரு கொட்டை போட்டேன். அவள் அடுப்படியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அரிசி கழுவிக்கொண்டிருந்தாள்.